"நான் இப்ப வாறன்": ஒரு பாஸ், ஒரு பயிலுநர், நாற்பது நிமிடம்

மார்ச் மாதக் கடைசி வாரத்தில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி பிளாட்டின் பல்கனியில் எங்கள் பயிலுநர் ஒருவனுக்குக் கரண்ட் அடித்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் தப்பினான். அவன் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவர் கீழே நின்ற ஓட்டோவின் கூரை ரெக்சினைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்சீட்டில் குத்தி நின்றது. நல்ல வேளை, ஓட்டோவில் ஆள் இருக்கவில்லை.

நான் அந்த ஏசி கம்பனியின் சேர்விஸ் சூப்பர்வைசர். பயிலுநர்களின் பதிவேட்டில் மாதாமாதம் கையெழுத்து வைப்பவனும் நானே. ஆகவே இதை எழுதுகிறவன் வெளியாள் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். யாருடைய பெயரையும் போடவில்லை.

பையனுக்கு 19 வயது. பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தவன், கிராண்ட்பாஸில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். ஒன்றரை வருடப் பயிலுநர் ஒப்பந்தம். சம்பவம் நடந்தது ஒன்பதாவது மாதத்தில். அவனுக்கு வேலை பழக்கும் மூத்த தொழிலாளியான பாஸுக்கு 52. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். வகுப்பறை பக்கமே போகாமல் வேலை பழகியவர். முன் அனுபவத்தைக் காட்டித் தேர்ச்சி மதிப்பீட்டுக்குப் போய், நாற்பது வயதுக்குப் பிறகுதான் தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழை எடுத்தார்.

நடந்தது

புத்தாண்டுக்கு முந்திய நெருக்கடி. கொழும்பில் ஏசி வேலை செய்கிறவர்களுக்கு மார்ச், ஏப்ரல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அன்று பாஸின் கையில் ஐந்து ஜொப். வெள்ளவத்தை மூன்றாவது.

18,000 பிடியூ, இன்வர்ட்டர் இல்லாத பழைய வகை ஸ்பிளிட். உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. பாஸ் வெளி யூனிட் இருந்த பல்கனியில் போய் நின்று காதைக் கொடுத்தார். கொம்பிரசர் எழும்பப் பார்த்து, "ம்ம்ம்" என்று முனகி, அடங்கியது. "கப்பாசிட்டர்" என்றார். கொம்பிரசர் எழும்ப உந்தல் கொடுக்கிற உறுப்பு அது. மூடியைக் கழற்றினால் அது தலைப்பக்கம் வீங்கி, அப்பம் மாதிரி எழும்பியிருந்தது. 35 மைக்ரோஃபரட். வேனில் புதியது இருந்தது. இருபது நிமிட வேலை.

அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். பம்பலப்பிட்டியில் ஒரு கேக் கடையில் ஏசியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கடைக்காரர் கத்துகிறார், பக்கத்தில்தானே நிற்கிறீர்கள், ஒருதரம் எட்டிப் பாருங்கள். பாஸ் பையனைப் பார்த்து, "தம்பி, பிரேக்கர ஓஃப் பண்ணிட்டு இத மாத்து. நான் இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அப்போது மணி 10.50.

பையன் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து, பென்சிலால் "ஏசி ஹோல்" என்று எழுதியிருந்த 20 அம்பியர் பிரேக்கரைக் கீழே தள்ளினான். சரியான பிரேக்கர்தான். கப்பாசிட்டரில் மிஞ்சியிருக்கும் சார்ஜை, பாஸ் செய்வதைப் பார்த்துப் பழகியபடி, ஸ்க்ரூட்ரைவரைக் குறுக்கே வைத்து "டொக்" என்று இறக்கினான். (அப்படிச் செய்யக்கூடாது, ரெசிஸ்டர் வைத்துத்தான் இறக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.) பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, கொன்டாக்டரின் (கொம்பிரசருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) டேர்மினலில் வயரை இறுக்கிக்கொண்டிருந்தான். இடது கை யூனிட்டின் தகர உடம்பில். வலது கையின் ஆட்காட்டி விரல் ஸ்க்ரூட்ரைவரின் பிளாஸ்டிக் பிடியைத் தாண்டி இரும்பில் இருந்தது.

உள்ளே, வீட்டு அம்மா ரிவியைப் போட்டுப் பார்த்தார். ஓடவில்லை. முன்பு எப்போதோ வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு, ரிவி பிளக் பொயின்டை ஏசி லைனிலேயே கோர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்கு 74 வயது. அவர் பிறகு என்னிடம் சொன்னது: "பெட்டியைத் திறந்து பாத்தன் தம்பி. எல்லாம் மேல கிடக்கு, ஒண்டு மட்டும் கீழ. அதான் தள்ளிவிட்டனான்."

அந்த வீட்டில் கரண்ட் நேரே வெளி யூனிட்டுக்கு வந்து, அங்கிருந்துதான் உள் யூனிட்டுக்குப் போகிறது. அவர் தள்ளிய கணமே டேர்மினலில் 230 வோல்ட்.

ட்ரிப் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போனது. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டைப் பார்த்த நாடு இது. கரண்ட் போனால் இப்போது யாரும் பதறுவதில்லை. அம்மா கதிரையில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். பல்கனியில் ஒருவன் சுவரோடு சாய்ந்து, மணிக்கட்டைப் பிடித்தபடி, பேச்சு வராமல் கிடக்கிறான் என்பது, கிழிந்த கூரைக்கு நியாயம் கேட்க ஓட்டோக்காரர் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரியும். அவர்தான் பையனைத் தன் ஓட்டோவிலேயே களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாஸ் 11.30க்குத் திரும்பி வந்தபோது பல்கனியில் டூல்ஸ் மட்டும் பரவிக் கிடந்தன.

இசிஜி எடுத்து, ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். மணிக்கட்டு எலும்பில் சிறு வெடிப்பு, ஆட்காட்டி விரலில் பயறு அளவுக்குக் கருகல்.

எது காப்பாற்றியது

பிரேக்கர் அவனைக் காப்பாற்றவில்லை. 20 அம்பியர் பிரேக்கர் வயரைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. ஓர் உடம்புக்குள் ஓடி இதயத்தைக் குழப்பப் போதுமான கரண்ட் அதன் கண்ணிலேயே படாது. ட்ரிப் சுவிட்ச் வேறு வேலை செய்கிறது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். பையனின் வலது விரலால் ஏறிய கரண்ட் இடது கையால் தகரத்துக்கு, அதாவது எர்த்துக்கு, ஓடியதால் அந்த வித்தியாசம் வந்தது. அவனுடைய இடது கை தகரத்துக்குப் பதிலாக நியூட்ரல் டேர்மினலில் பட்டிருந்தால், எர்த்துக்குப் போதிய கரண்ட் ஓடாவிட்டால், ட்ரிப்புக்கு அவன் இன்னொரு பல்ப்தான், அது விழுந்திருக்காது. அந்த இரண்டு டேர்மினலுக்கும் இடையில் அரை அங்குலம்கூட இல்லை.

அந்த ட்ரிப்பில் உள்ள டெஸ்ட் பொத்தானைக் கடைசியாக எப்போது அமத்திப் பார்த்தீர்கள் என்று அம்மாவின் மகனிடம் கேட்டேன். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே அப்போதுதான் தெரியும் என்றார்.

எல்லாரும் சொன்னது உண்மை

சனிக்கிழமை வேர்க்ஷொப்பில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டேன். முதலாளியும் வந்திருந்தார்.

பாஸ்: "ஓஃப் பண்ணச் சொல்லிட்டுத்தானே போனேன்." பையன்: "ஆஃப் பண்ணிட்டுத்தான் சேர் கை வச்சேன்." போன் எடுத்த ஆபீஸ் அக்கா: "பாஸ எட்டிப் பாக்கச் சொன்னேன், பையன தனிய விட்டுட்டுப் போகச் சொல்லல்லையே." என் பங்குக்கு நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். "மின்தொடர்பைத் தனியாகத் துண்டிப்பார்" என்ற வரிக்கு நேரே, நான்காவது மாதத்தில், பையனின் கையெழுத்து, பாஸின் கையெழுத்து, என் கையெழுத்து.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எல்லாருக்கும் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் முதலாளி கேட்டார்: "சரி, இவன் இனித் தனியாச் செய்யலாம்னு இவன்கிட்ட யார் சொன்னது?"

பதில் வரவில்லை. யாரும் சொல்லியிருக்கவில்லை. பாஸ், பதிவேட்டில் என் கையெழுத்து இருப்பதால் பையனுக்குத் தெரியும் என்று நினைத்தார். நான் பாஸின் கையெழுத்தைப் பார்த்து வைத்தேன். பையன், பாஸ் விட்டுப் போனதால் தனக்குத் தெரியும் என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டான்.

அந்தக் கையெழுத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் கடைசி வெள்ளி, பின்னேரம் ஐந்து மணி, மூன்று பதிவேடு, ஒரு பேனா. நான்காவது மாதத்தில் பையன் பிரேக்கரை அணைத்ததை நான் பார்த்தேன்தான். வேர்க்ஷொப்பில், எங்கள் சொந்தப் பெட்டியில், பாஸ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. அதைத்தான் "தனியாக" என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இடையில் பயிற்சி அலுவலர் வந்து பதிவேட்டைப் பார்த்தார். மை காய்ந்த, ஒழுங்கான பதிவேடு. அவர் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பாஸுக்கே தெரியாத பாடம்

"ஓஃப் பண்ணு" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேலை இருக்கிறது. அணைப்பது, வேறு யாரும் போடாமல் பூட்டுவது, பூட்டியிருக்கிறது என்று அட்டை தொங்கவிடுவது, கடைசியாக லைன் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்ப்பது. கடைசியிலும் ஒரு முறை உண்டு. மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு அணைத்த இடத்தில் வைத்து, திரும்பவும் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால்?

பையனுக்கு இவற்றில் முதலாவது மட்டும் தெரியும். மற்றவற்றை வகுப்பில் எழுதியிருக்கிறான், கொப்பியில் இருக்கிறது. எங்கள் வேனில் பிரேக்கருக்குப் போடும் பூட்டு இல்லை. அட்டை இருந்தது, லாச்சிக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்தது. தொங்கவிட்டிருந்தாலும் தமிழ்ப் பத்திரிகை மட்டும் வாசிக்கிற அம்மாவுக்கு அது ஒரு சிவப்புத் துண்டாகத்தான் தெரிந்திருக்கும்.

அப்படியானால் பாஸ் முப்பது வருடமாக எப்படி அடி வாங்காமல் இருந்தார்? அதைத் தெரிந்துகொள்ள மூன்று நாள் அவரோடு வேனில் போனேன். இந்த ஆய்வில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறார். பெட்டியைத் திறந்து பிரேக்கரை அணைத்ததும் குரலை உயர்த்தி ஒரு பகிடி விடுவார். தெமட்டகொடையில் ஒரு வீட்டில் சிங்களத்தில், "இதைப் போட்டீர்களென்றால் என் மனுசிக்கு நீங்கள்தான் சோறு போட வேண்டும்" என்றார். கொட்டாஞ்சேனையில் தமிழில் அதே பகிடி. வீட்டுக்காரர் சிரிப்பார். சிரித்தவர் பிரேக்கரைத் தொடமாட்டார். பிறகு வீட்டிலுள்ளவர்களிடம், "வேற ஏதும் வேலை செய்யாமப் போச்சா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார். ரிவி கோர்த்த வயர் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்திருக்கும். வேலை செய்யும்போதும் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, ஒரு காதை அங்கே விட்டிருப்பார்.

மூன்றாம் நாள் இதை அவரிடம் சொன்னேன். "அண்ணே, இதைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா?" அவர் என்னைப் பார்த்தார். "இதில என்ன சொல்லிக் குடுக்க இருக்கு? அது சும்மா கதைக்கிறதுதானே."

பையனிடம் கேட்டேன், ஏன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. "அவங்க பெரியவங்க சேர். அவங்க வீட்டுல போய் நின்னுகிட்டு, இதைத் தொடாதீங்கன்னு நான் எப்படி சொல்றது?" வெள்ளவத்தை பிளாட்டில், தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையைக் குனிந்து வேண்டாம் என்கிற தோட்டத்துப் பையன். பாஸின் பகிடி அவன் வாயில் வராது. அவனுக்கென்று வேறு வார்த்தை தேவை, அதைச் சொல்ல அனுமதியும் தேவை. அந்த அனுமதியை நாங்கள் யாரும் கொடுத்திருக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்

அந்த யூனிட்டைப் பூட்டியதும் நாங்கள்தான். வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஐசொலேட்டர் சுவிட்ச் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால், வேலை செய்கிறவன் தன் கண்ணுக்கு முன்னாலேயே அணைத்துவிட்டு வேலை செய்யலாம். குசினியில் யார் எதைத் தள்ளினாலும் கவலை இல்லை. பழைய கோட்டேஷனைத் தேடி எடுத்தேன். ஐசொலேட்டர் என்ற வரி இருக்கிறது, அதன் மேல் ஒரு கோடு. மகன் விலை பேசியபோது வெட்டியிருக்கிறார்கள். "கடற்காத்துல எப்படியும் துருப்பிடிக்கும்" என்பது அப்போது சொன்ன சமாதானம். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால் துருப்பிடிக்காது என்பது எங்களுக்கு அன்றும் தெரியும்.

மூன்று கையெழுத்து

பாஸ் ஒரு நாள் சொன்னார், தான் மருதானையில் கோலையாவாக, அதாவது வேலை பழகும் பையனாக, இருந்தபோது, குரு விட்டுப் போனால் வேலையைத் தொடவே மாட்டாராம். பயம். தொட்டுப் பிழைத்தால் அடி விழும். அந்தக் காலத்தில் கோலையாவின் பிழை பாஸின் பிழை. வாடிக்கைக்காரர் பாஸின் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கோலையா சாப்பிட்டதும் பாஸ் வீட்டில்.

அதை நான் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. கையில் காயம் பட்டால் கட்டுப்போட்டு ஊருக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். எத்தனை வருடம் வேலை பழகினாலும் கடதாசி ஒன்றும் மிஞ்சாது. 1971இன் 49ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய பயிலுநர் சபை வந்ததும், பிறகு 1990இன் 20ஆம் இலக்கச் சட்டத்தோடு அது இன்றைய தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையாக ஆனதும் நல்லதுக்குத்தான். வேலையால் வரும் காயத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டமோ 1934இலேயே வந்துவிட்டது. எங்கள் முதலாளி வைத்தியச் செலவையும் கொடுப்பனவையும் தடையில்லாமல் கொடுத்தார்.

ஆனால் ஒருவர் தோளில் இருந்த சுமையை மூன்று பேர் தூக்கும்போது, மற்ற இரண்டு பேரும் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் கையைத் தளர்த்துவது சுலபம். எங்கள் கம்பனியில் தளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்களிடம் ஐந்து பாஸ் இருந்தார்கள், இப்போது இரண்டு. ஒன்பது மாதப் பையனை முழு ஆளாக எண்ணித்தான் ஆபீஸ் அக்கா ஜொப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருடைய பட்டியலில் "வேன் 2: இரண்டு பேர்" என்றுதான் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம்.

மாற்றியவை

ஒவ்வொரு பயிலுநருக்கும் ஒரு பிரேக்கர் பூட்டு. சாவி ஒன்றுதான், அது அவன் சட்டைப் பையில். பாஸிடமும் கிடையாது. அட்டையை மூன்று மொழியிலும் நாங்களே அச்சடித்தோம்.

பதிவேட்டில் ஒரு வரிக்கு இருந்த ஒற்றைக் கட்டத்தை மூன்றாகப் பிரித்து, பார்த்தான், கூடச் செய்தான், தனியாகச் செய்ததை நான் பார்த்தேன் என்று தலைப்புப் போட்டோம். மூன்றாவதில் பாஸ் அன்றைக்கே, எந்த வீட்டில் என்று எழுதித்தான் கையெழுத்து வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் பையனிடம் வாயால் சொல்லவும் வேண்டும். முதல் மாதம் பாஸுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது, மறைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொல்வதற்குப் பையனே ஒரு வசனம் தேர்ந்தெடுத்தான்: "அம்மா, நான் இதைப் பூட்டிட்டுப் போறேன், சாவி என்கிட்ட இருக்கு, ஏதும் வேலை செய்யலைன்னா என்னைக் கூப்பிடுங்க." அந்த வெள்ளவத்தை வீட்டுக்கு ஐசொலேட்டர் பூட்டவும் ரிவி லைனைப் பிரிக்கவும் நாங்கள் காசு வாங்காமல் போனபோது, அதே அம்மாவிடம்தான் இதை முதலில் சொன்னான். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் நான் தொட மாட்டன் ராசா" என்றார்.

நான்காவது மாற்றம்தான் விலை கேட்டது. பாஸ் இல்லாமல் ஒரு வேலையில் கைவைக்க முடியாது என்று பயிலுநர் நினைத்தால் நிற்கலாம், அவனை யாரும் ஏசக்கூடாது. வைகாசியில் அது சோதனைக்கு வந்தது. மட்டக்குளியில் ஒரு கடை, கூரை விளிம்பில் யூனிட், பாஸ் வேறு ஜொப்பில் மாட்டிக்கொண்டார். பையன் எனக்கு போன் எடுத்தான். "பாஸ் இல்ல சேர். ஏணியைப் பிடிக்க ஆள் இல்ல. நான் கை வைக்கல." கடைக்காரர் போனைப் பிடுங்கி என்னோடு கத்தினார். அன்று பின்னேரம் வேறு கம்பனியைக் கூப்பிட்டுவிட்டார். வருட சேர்விஸ் ஒப்பந்தமும் அதோடு போனது. பாஸ் அந்த வாரம் முழுக்கப் பையனோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் கதைத்தார். ஏசவில்லை.

பாஸ் ஏன் அப்படி இருந்தார் என்பதை விளங்கிக்கொள்ளச் சம்பளக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் ஜொப்புக்கு இவ்வளவு என்று கமிஷன். பையனைப் பக்கத்தில் வைத்து ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் ஐந்து ஜொப் நான்காகும். அந்த ஐந்தாவது ஜொப்பின் காசை இத்தனை வருடமும் அவர் தன் பையிலிருந்து கொடுத்துவந்திருக்கிறார், அல்லது கொடுக்காமல் பையனை விட்டுப் போயிருக்கிறார். ஒப்பந்தத்தில் பயிலுநரின் கொடுப்பனவுக்கு ஒரு வரி இருக்கிறது. பயிற்றுபவரின் நேரத்துக்கு ஒரு வரியும் இல்லை.

இதை முதலாளியிடம் கொண்டுபோனேன். பயிலுநரோடு போகிற நாளுக்கு ஒரு ஜொப்பின் கமிஷனைப் பாஸுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று கேட்டேன். மட்டக்குளி ஒப்பந்தம் போன கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சம்மதித்து, அதை எழுத்தில் தர மறுத்துவிட்டார். அது மார்கழியோடு முடிகிறது. பையனின் ஒப்பந்தமும் அதே மாதத்தில்தான் முடிகிறது, தையில் புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள்.